புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருநெல்வேலியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களுக்குச் சிறுநீரை அடக்கும் தசைப் பயிற்சியைக் கற்றுத் தருவது என் வேலையில் பெரும்பகுதி. வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். நான் அவர்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கதவைச் சாத்திய பிறகும் முதல் ஐந்து நிமிடம் முழங்கால் வலியைப் பற்றியே பேசுவார்கள். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்தபடி மெல்லக் கேட்பார்கள்: "அம்மா, இது இப்படியே இருந்துவிடுமா?"

பெரும்பாலானவர்களுக்கு இருந்துவிடாது. இருந்துவிடும் சிலருக்கும் வழி இருக்கிறது. கீழே உள்ளவை அந்த அறையில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக எடுத்தவர்களுக்கே இவை பொருந்தும். வயதினால் வீங்கிய புராஸ்டேட்டைச் சிறுநீர்ப் பாதை வழியாகச் சுரண்டி எடுத்தவர்களின் நிலைமை வேறு.

அறுவை சிகிச்சைக்கு முன்பு எனக்கு ஒரு சொட்டுகூடக் கசிந்ததில்லை. இப்போது மட்டும் ஏன்?

சிறுநீர்ப் பைக்கு அடியில் இரண்டு பூட்டுகள் இருந்தன. மேல் பூட்டு பையின் கழுத்தில் இருந்தது. அது தானாக இயங்குவது. அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. கீழ்ப் பூட்டு புராஸ்டேட்டுக்குக் கீழே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது "இன்னும் பத்து நிமிடம் தாங்கு" என்று நாம் இறுக்குவது இதைத்தான். புராஸ்டேட் இந்த இரண்டுக்கும் நடுவில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. சுரப்பியை எடுக்கும்போது அதற்குள் ஓடும் குழாயையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பிறகு பையின் கழுத்தைக் கீழே இழுத்து, மீதிக் குழாயோடு வைத்துத் தைக்கிறார்கள். மேல் பூட்டு பெரும்பாலும் அத்தோடு வேலையை விட்டுவிடுகிறது.

அதுவரை இருவர் சுமந்த சுமை கீழ்ப் பூட்டின் தலையில் மட்டும் விழுகிறது. அதுவும் அறுவை சிகிச்சையின் வீக்கத்திலும் நரம்புகளின் அதிர்ச்சியிலும் சோர்ந்து கிடக்கிற நேரத்தில். அதனால்தான் இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால், வாளியைத் தூக்கினால் நீர் வருகிறது. வயிற்றுக்குள் அழுத்தம் கூடும் அந்த நொடியில் தனி ஆளாக நிற்கும் பூட்டு தோற்றுப்போகிறது. இதை மருத்துவர் செய்த தவறு என்றோ, உங்கள் உடம்பின் கோளாறு என்றோ நினைக்க வேண்டாம். நன்றாக நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஆரம்பத்தில் கசியும்.

எத்தனை நாளில் நிற்கும்?

நாள் கணக்கில் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மாதக் கணக்கில் கேளுங்கள். சிறுநீர் வடிவதற்காக வைத்த டியூப்பை எடுத்த வாரத்திலேயே சிலர் கசிவு நின்று உலர்ந்துவிடுகிறார்கள். பலருக்கு 3 முதல் 6 மாதத்தில் பெருமளவு குறைகிறது. 12 மாதம் வரை முன்னேற்றம் தொடர்கிறது.

ஒரு பெரிய கணக்கு சொல்கிறேன். பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் என்ற ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட பிரிவினரில் 6 மாதத்தில் 46 சதவீதத்தினர் கசிவை உறிஞ்சும் பேடு வைத்துக்கொண்டிருந்தார்கள். 6 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது 17 சதவீதமாகக் குறைந்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆறாவது மாதத்தில் பேடு வைத்திருக்கும் நீங்கள் தனி ஆள் இல்லை. பக்கத்தில் இன்னொரு பாதிக் கூட்டம் நிற்கிறது. அதே சமயம், எல்லோருக்கும் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வதும் உண்மை இல்லை.

திரும்பி வருவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் இரவு உலரும். படுத்திருக்கும்போது பையின் பாரம் பூட்டின் மேல் இறங்குவதில்லை. அடுத்து, உட்கார்ந்திருக்கும் நேரம். நடப்பதும், எழுவதும், குனிந்து தூக்குவதும் கடைசியில்தான் சரியாகும். "பகலெல்லாம் ஒழுகுகிறது, ராத்திரி மட்டும் பாய் நனையவில்லை" என்று ஒருவர் சோகமாகச் சொன்னால், எனக்கு அது நல்ல செய்தி. அவர் முதல் படியில் ஏறிவிட்டார்.

வயது கூடியவர்களுக்கும், உடல் எடை அதிகமானவர்களுக்கும், முன்பே கசிவு இருந்தவர்களுக்கும், கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் தாமதமாகலாம். பக்கத்துப் படுக்கைக்காரர் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டார் என்று உங்கள் உடம்பை அவர் உடம்போடு ஒப்பிட வேண்டாம்.

டியூப் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கலாமா?

வேண்டாம். டியூப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் இருக்கும். தைத்த இடம் ஆறுவதற்காக வைக்கப்பட்டது அது. அதைச் சுற்றித் தசையை இறுக்கினால் உறுத்தலும் வலியும்தான் வரும். கற்றுக்கொள்ள நல்ல நேரம் அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்கள். அப்போது உடம்பு நன்றாக இருக்கும், தசை எது என்று பிடிபடும். தேதி குறித்துவிட்டார்கள் என்றால் அன்றே ஆரம்பித்துவிடுங்கள்.

டியூப் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அது தற்செயலாகக் கழன்று வந்துவிட்டாலோ, அடைத்துக்கொண்டாலோ, அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே ஓடுங்கள். தெருமுனை கிளினிக்கில் வேறு டியூப் போட்டுக்கொள்ளாதீர்கள். புதிதாகத் தைத்த இடத்தில் விவரம் தெரியாமல் டியூப்பைச் செலுத்தினால் தையல் கிழியலாம்.

எந்தத் தசையை இறுக்க வேண்டும் என்றே தெரியவில்லை. எதைச் செய்தாலும் வயிறுதான் இறுகுகிறது.

இதுதான் ஆகப் பெரிய கேள்வி. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று மாதம் பயிற்சி செய்திருப்பார்கள், தவறான தசைக்கு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நோட்டுப் போட்டு, தினமும் முந்நூறு தடவை செய்து, ஒவ்வொன்றையும் கோடு கிழித்துக் கணக்கு வைத்திருந்தார். செய்து காட்டச் சொன்னேன். மூச்சை அடக்கி, முகம் சிவக்க, வயிற்றை முன்னால் தள்ளி முக்கினார். அது மலம் கழிக்கும்போது செய்யும் வேலை. பூட்டை இறுக்குவதற்குப் பதிலாக, மேலிருந்து அழுத்தித் திறந்துகொண்டிருந்தார். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தபோது எனக்கு மனம் கலங்கிவிட்டது. இவ்வளவு உழைப்பையும் சரியான இடத்தில் போட யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க நான் சொல்வது இது. மார்கழி மாதம், விடியற்காலை. தாமிரபரணியில் படி படியாக இறங்குகிறீர்கள். முழங்கால், தொடை, அடுத்து தண்ணீர் இடுப்புக்கு ஏறுகிறது. அந்த நொடியில் ஆண்குறி உள்ளே சுருங்கும், விரைகள் மேலே ஏறும் இல்லையா? அதைத் தண்ணீர் இல்லாமல் செய்யுங்கள். ஆண்குறியைக் குட்டையாக்கி உள்ளே இழுப்பதுபோல. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னதும் முகத்தில் தெரியும், பிடித்துவிட்டார்கள் என்று.

இது என் கற்பனை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்களுக்கு வெவ்வேறு கட்டளைகளைக் கொடுத்து, அல்ட்ராசவுண்ட் வழியாக உள்ளே என்ன நகர்கிறது என்று பார்த்தார்கள். "ஆண்குறியைக் குட்டையாக்குங்கள்" என்றபோதுதான் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள தசை நன்றாக வேலை செய்தது. "ஆசனவாயை இறுக்குங்கள்" என்றபோது பின்பக்கத் தசைதான் அதிகம் இறுகியது. கீழ்க்காற்றை அடக்குவதுபோல இறுக்கச் சொல்வது நம் ஊரில் வழக்கம். தசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட அது உதவும். ஆனால் உங்களுக்கு வேண்டியது முன்பக்கம்.

வீட்டில் சரிபார்க்க, கண்ணாடிக்கு முன் ஆடையில்லாமல் நில்லுங்கள். இறுக்கும்போது ஆண்குறியின் அடிப்பகுதி கொஞ்சம் உள்ளே போக வேண்டும், விரைகள் லேசாக எழும்ப வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கியபடியே உங்கள் பெயரையும் ஊரையும் சத்தமாகச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒரே ஒரு முறை செய்யலாம். அதையே தினசரிப் பயிற்சியாக்கினால் பை முழுவதும் காலியாகாமல் போகும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

முந்நூறு வேண்டாம். காலை, மதியம், இரவு என மூன்று வேளை போதும். ஒவ்வொரு வேளையும் மெதுவாக இறுக்கி, முடிந்த அளவு பிடித்து, முழுவதுமாக விடுங்கள். தொடக்கத்தில் 3 விநாடி பிடிக்க முடிந்தாலே நல்லது. வாரங்கள் போகப் போக 10 விநாடிக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை விநாடி இறுக்கினீர்களோ அத்தனை விநாடியாவது ஓய்வு கொடுங்கள். இப்படிப் பத்து. பிறகு கண் இமைப்பதுபோல வேகமாக இறுக்கி இறுக்கி விடுவது பத்து. முதல் வாரம் படுத்துக்கொண்டு, அடுத்து உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. கசிவது நின்றுகொண்டிருக்கும்போதுதான், படுத்தே பயிற்சி செய்தால் தசை படுத்திருக்கத்தான் பழகும்.

இவற்றையெல்லாம்விட நான் வற்புறுத்துவது வேறொன்று. தும்மல் வரப் போகிறதா, முதலில் இறுக்கு, பிறகு தும்மு. எழப் போகிறாயா, முதலில் இறுக்கு, பிறகு எழு. இந்தியக் கழிப்பறையில் குத்தவைத்து எழும்போது, வாகன இருக்கையிலிருந்து இறங்கும்போது, பேரனைத் தூக்கும்போது, எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு. முதலில் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் கை தானாகத் தோளில் துண்டைப் போடுவதுபோல அது தானாக வந்துவிடும்.

இந்தப் பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா? சும்மா இருந்தாலும் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் பிரசவமான பெண்களுக்காக 1948இல் எழுதிய பயிற்சி இது. ஆண்களுக்குப் பின்னால்தான் வந்தது. பெல்ஜியத்தில் லூவன் நகரில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதத்தினர் மூன்றாவது மாதத்தில் கசிவு நின்றவர்களாக இருந்தார்கள். பெறாதவர்களில் 56 சதவீதத்தினர். ஆனால் 2011இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், சிகிச்சையாளரிடம் நேரில் பயிற்சி பெற்றவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் ஓராண்டு முடிவில் வித்தியாசமே தெரியவில்லை. சிறு கசிவையும் கணக்கில் எடுத்ததில் இரண்டு பக்கமும் முக்கால்வாசிப் பேருக்குக் கசிவு இருந்தது.

இந்தத் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பணம் செலவழிக்கிறீர்கள். என் கருத்து இது: பயிற்சி சீக்கிரம் உலர உதவுகிறது. அதற்கு வாரா வாரம் வந்து கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தசையைச் சரியாகப் பிடித்துவிட்டீர்களா என்று பார்க்க ஓரிரு முறை வாருங்கள். பிடித்துவிட்டால் மீதி உங்கள் வீட்டில்தான். மின்சாரத் தூண்டல் கருவியைக் காட்டி இருபது அமர்வுக்கு முன்பணம் கேட்டால் யோசித்துச் செய்யுங்கள்.

காலையில் நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஆனதும் ஒழுகுகிறது.

தசை களைத்துப் போகிறது. நாளெல்லாம் நின்ற கால் சாயங்காலம் கடுப்பதில்லையா, அதுபோல. மதியம் அரை மணி நேரம் படுங்கள். மூன்றாம் வேளைப் பயிற்சியைப் படுத்துக்கொண்டு செய்யுங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும்தானே?

குறையாது. நம் வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி, பையை எரிச்சலூட்டும். எரிச்சலடைந்த பை அடிக்கடி முறுக்கும், நோய்த்தொற்றும் சுலபமாக வரும். மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கட்டுப்படுத்தச் சொல்லாவிட்டால், ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். கோடையில் அதற்கு மேல். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

குறைக்க வேண்டியவை காபியும் டீயும். கஃபீன் சிறுநீரை அதிகமாக்குகிறது, பையையும் தூண்டுகிறது. ஃபில்டர் காபி இல்லாமல் விடியாதவர்களிடம் முழுதாக விடச் சொல்வதில்லை. நான்கு வேளையை ஒன்றாக்கி, இரண்டு வாரம் கழித்துப் பேடு எண்ணிக்கையைப் பாருங்கள். உங்களுக்கே தெரியும். மதுவும் அப்படித்தான்.

வீட்டில் அன்போடு கொடுக்கும் வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம் எல்லாம் "நீர் நன்றாகப் பிரியட்டும்" என்று கொடுக்கப்படுபவை. உங்கள் சிக்கல் நீர் பிரியாதது இல்லை, நிற்காதது. சில மாதம் அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

வெளியே கிளம்பும்போதெல்லாம் பாத்ரூம் போய்விட்டுத்தான் கிளம்புகிறேன். சரியா?

பஸ் ஏறும் முன் போவது சரி. அரை மணிக்கு ஒருமுறை "எதற்கும் போய் வைப்போம்" என்று போவது தவறு. பை சிறிதளவிலேயே அலாரம் அடிக்கப் பழகிவிடும். ஒரு மணி நேரம் தாங்க முடிந்தால் ஒன்றேகால் மணிக்குத் தள்ளுங்கள். அப்படியே மெல்ல மெல்ல இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளிக்கு வர வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் போவதாக இருந்தால் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். கைப்பையில் ஒரு மாற்று வேட்டி, இரண்டு பேடு, ஒரு பிளாஸ்டிக் பை. அவை கூட இருந்தாலே பாதிப் பயம் போய்விடும், பயம் போனால் பையும் அடங்கும்.

டயப்பரா, பேடா? வீட்டுப் பெண்கள் பயன்படுத்தும் நாப்கின் போதுமா?

அந்த நாப்கின் வேறு வேலைக்குச் செய்யப்பட்டது. திடீரென வரும் சிறுநீரை அதே வேகத்தில் உறிஞ்சாது. ஆண்களுக்கென்றே முன்பக்கம் அகலமான பேடு கிடைக்கிறது. முதல் சில வாரம் டயப்பர் தேவைப்படலாம். குறைந்ததும் பேடுக்கு மாறிவிடுங்கள். வேட்டி, லுங்கி கட்டுபவர்கள் உள்ளே இறுக்கமான ஜட்டி போட வேண்டும். தொளதொளவென்ற டிராயரில் பேடு இடத்தில் நிற்காது. தினமும் ஒரு நேரம் வீட்டில் பேடு இல்லாமல் இருந்து பாருங்கள். பேடு இருக்கிறது என்ற தைரியத்தில் தசை மெத்தனமாகிவிடும்.

ஈரம் பட்ட இடத்தைச் சோப்பு அதிகம் போடாமல் கழுவி, நன்றாக ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவுங்கள். நம் ஊர் வியர்வையில் தொடை இடுக்கில் படை வந்துவிட்டால் அதுவே தனி வேதனை.

அளப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. சமையலறைத் தராசு போன்ற ஒன்று தனியாக வாங்குங்கள். உலர்ந்த பேடு எத்தனை கிராம் என்று ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் கழற்றிய பேடுகளை எல்லாம் ஒரு பையில் கட்டி எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால், மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். மாதம் ஒருமுறை போதும். "இன்னும் ஒழுகத்தான் செய்கிறது" என்று சலித்துக்கொண்டு வந்த ஒருவரின் காகிதத்தில் 420, 260, 110 என்று இருந்தது. அவர் கண்ணில் படாத முன்னேற்றம் அந்தத் தாளில் இருந்தது. மருத்துவருக்கும் "கொஞ்சம் போகிறது" என்பதைவிட இந்த எண் பல மடங்கு பயன்படும்.

எப்போதிலிருந்து கனம் தூக்கலாம்? வண்டி ஓட்டலாம்?

முதல் 6 வாரம் காஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தொடாதீர்கள். இரு சக்கர வாகனமும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான். நடை மட்டும் முதல் நாளிலிருந்தே நல்லது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் முக்கினால் பயிற்சியில் சேர்த்ததைக் கழிப்பறையில் இழப்பீர்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அந்த இருமலே உங்களை நனைக்கும்.

கோயிலுக்குப் போகலாமா? தொழலாமா?

உள்ளுக்குள் அதிகம் வலிக்கும் கேள்வி இதுதான். ஐம்பது வருடம் தவறாமல் போன கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். புதுப் பேடு வைத்து, துவைத்த வேட்டி கட்டிப் போங்கள் என்பேன். நோயில் விழுந்து எழுந்தவரைத் தெய்வம் வாசலில் நிறுத்தாது என்பது என் நம்பிக்கை. இஸ்லாத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது: அடக்க முடியாமல் கசிபவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்து தொழலாம். விவரத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள். அவரிடம் இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

கசிவு நிற்கவில்லை என்றால் புற்றுநோய் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை. புற்றுநோயைப் பார்ப்பது பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. அதை மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் எடுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் உடனே போக வேண்டும்?

காய்ச்சலும் நடுக்கமும், சிறுநீர் கழிக்கும்போது கடும் எரிச்சல், ரத்தக் கட்டிகள், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது: அன்றே போங்கள். சிறுநீர் வரவே இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று ஓசைப்படாமல் வரும். சிறுநீர் நூல்போல மெலிந்து, முக்கினால்தான் வருகிறது, கூடவே சொட்டுச் சொட்டாக ஒழுகவும் செய்கிறது என்றால், தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். பை நிரம்பி வழிகிற ஒழுக்கு அது. அதற்குப் பயிற்சி மருந்தில்லை. மருத்துவர் உள்ளே பார்த்து விரிவாக்க வேண்டும்.

ரோபோவில் செய்திருந்தால் கசிந்திருக்காதா?

பணம் இல்லாததால் தவறிவிட்டோம் என்று வருந்துகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரோபோ, ஒரு பிரிவுக்குத் திறந்த அறுவை என்று செய்தார்கள். சிறுநீர்க் கட்டுப்பாட்டில் 12 வாரத்திலும் 2 ஆண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவியைவிட அதைப் பிடிக்கும் கையின் அனுபவம் பெரிது.

தாம்பத்தியத்தின்போதும் வருகிறது. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உச்சகட்டத்தில் கொஞ்சம் சிறுநீர் வருவது இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்கும் உண்டு. விந்துப் பாதை போய்விட்டதால் விந்து வராது, அந்த இடத்தில் சில சொட்டு சிறுநீர் வரலாம். மனைவிக்கு அதனால் தீங்கு இல்லை. முன்னதாகச் சிறுநீர் கழித்துவிடுங்கள், தேவைப்பட்டால் ஆணுறை அணியுங்கள், ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். விறைப்புக் குறைவது வேறு நரம்புகளின் விஷயம். அதற்கும் மருத்துவம் உண்டு, தனியாகக் கேளுங்கள்.

மாத்திரை ஏதாவது இருக்கிறதா?

"வந்துவிட்டது, ஓடு" என்று அவசரமாக வருகிற கசிவுக்குப் பையை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. இருமினால் வரும் கசிவுக்குத் துலாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள். குமட்டல், அசதி வரலாம். நிரந்தரத் தீர்வும் அன்று. ஆண்குறியில் மாட்டும் கிளிப்பும் கிடைக்கிறது. கல்யாண வீடு, நடைப்பயிற்சி போன்ற சில மணி நேரத்துக்கு உதவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழற்ற வேண்டும், தூங்கும்போது மாட்டவே கூடாது.

ஒரு வருடம் தாண்டிவிட்டது. இனி இதோடுதான் வாழ வேண்டுமா?

வேண்டியதில்லை. நான் ஆத்திரத்தோடு எழுதுகிற பகுதி இது. "உயிர் பிழைத்தோமே, அது போதாதா" என்று ஐந்து வருடம், எட்டு வருடம் டயப்பரில் இருந்துவிட்டு வருகிறார்கள். முதல் ஆண்டு பொறுமை வேண்டும். அதற்குப் பிறகு பொறுமை வீண். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலே, பயிற்சி செய்தும் ஓராண்டில் தொல்லை தீராதவர்களுக்கு அறுவை சிகிச்சையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. முன்னேற்றமே இல்லாவிட்டால் ஆறாவது மாதத்திலேயே பேசலாம்.

முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. கசிவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், ஒரு வலைப்பட்டையைச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தொட்டில்போல வைத்துத் தாங்கிப் பிடிக்கலாம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அது அவ்வளவாகப் பலிப்பதில்லை.

கசிவு அதிகம் என்றால் செயற்கைப் பூட்டு. 1970களிலேயே வந்த யோசனை; இன்று பெரும்பாலும் வைக்கப்படுவது 1983இல் வந்த வடிவத்தின் வழித்தோன்றல். சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு சிறு வளையம், வயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், விதைப்பையில் ஒரு பம்ப், மூன்றையும் இணைக்கும் மெல்லிய குழாய்கள். எல்லாம் உள்ளே, வெளியே எதுவும் தெரியாது. வளையத்தில் திரவம் நிரம்பி, சிறுநீர்க் குழாயை மூடிவைத்திருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டும் என்றால் விதைப்பையின் தோலுக்குள் இருக்கும் பம்ப்பை விரலால் சிலமுறை அழுத்த வேண்டும். திரவம் பலூனுக்குப் போகும், வளையம் திறக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். பொருத்திய பிறகு 6 வாரம் வரை இயக்க மாட்டார்கள். அதுவரை கசியும், பயப்பட வேண்டாம். விரல்களுக்கு பம்ப்பை அழுத்தும் பலம் இருக்க வேண்டும். இயந்திரம் என்பதால் சில ஆண்டுகள் கழித்துப் பழுதாகலாம், மாற்ற நேரலாம். கருவி பொருத்தியவர் அந்த விவரத்தை ஓர் அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்க வேண்டும். கருவியை நிறுத்தாமல் யாராவது டியூப் போட்டால் சிறுநீர்க் குழாய் காயப்படும்.

விலை சில லட்சங்கள் என்பது உண்மை. காப்பீடு கருவிக்கும் சேர்த்தா, அறுவை சிகிச்சைக்கு மட்டுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதை அடிக்கடி செய்கிற சிறுநீரக அறுவை நிபுணரிடம் போங்கள், தூரமானாலும் போங்கள்.

அவர் வெளியே வரவே மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

இது மனைவிமார் தொலைபேசியில் கேட்பது. மறைப்பது நம் வீட்டு ஆண்கள் மட்டும் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். புத்தாண்டு அன்று சிறுநீர்த் தொற்றோடு மருத்துவமனைக்குத் திரும்பினார். நாட்டின் அதிபருக்கே உடனே தெரிவிக்கவில்லை. பிறகு பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார்.

அவரிடம் "கசிகிறதா" என்று கேட்காதீர்கள் அக்கா. படுக்கை விரிப்பை முகம் சுளிக்காமல் மாற்றுங்கள். மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்றைக் குளியலறையில் வையுங்கள். பேடை எங்கே போடுவது என்ற கவலையாலேயே உறவினர் வீட்டுக்குப் போகாதவர்கள் உண்டு. சாயங்காலம் "வாருங்கள், ஆற்றங்கரை வரை போய்வருவோம்" என்று கூப்பிடுங்கள். முதல் நாள் தெருமுனைவரை வந்தாலும் போதும். உங்கள் கைப்பையில் ஒரு பேடு இருக்கட்டும். அது இருப்பதை அவரிடம் ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்.